வெக்னரா, மோகென்சனா, யாகப்சனா, யூலா? டேனிஷ் நாற்காலி வாங்கும் முன்

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டுவிட்டார்கள். சென்னையில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஃபிளாட் வாங்கியிருக்கும் ஒரு தம்பதி, சாப்பாட்டு மேசைக்கு ஆறு நாற்காலி தேடுகிறார்கள். டொரன்டோவில் சின்ன அபார்ட்மென்டில் இருக்கும் நண்பனுக்கு இரண்டு போதும். ஆள் வந்தால் ஆறு வேண்டும். மூன்றாவது, சமீபத்தில் ஓய்வு பெற்ற ஒரு அக்கா. உட்கார்ந்து படிக்க ஒரே ஒரு நாற்காலி, ஆனால் கடைசிவரைக்கும் உழைக்க வேண்டும் என்கிறார். மூவரும் படங்களைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அதே நான்கு பெயர்களில் வந்து நிற்கிறார்கள்: ஹான்ஸ் வெக்னர், போர்கெ மோகென்சன், ஆர்னே யாகப்சன், ஃபின் யூல்.

நான் கோபன்ஹேகனில் இருக்கிறேன். இந்த நாற்காலிகளில் பாதி இங்கே நூலகத்திலும் கேன்டீனிலும் சாதாரணமாகக் கிடக்கும். தினமும் உட்கார்ந்து எழுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும்: நான்கு பேரில் யார் பெரியவர் என்று பார்த்து வாங்கினால் தப்பாகத்தான் போகும். நாற்காலி எதற்காக என்ற கேள்விக்கு நான்கு பேரும் நான்கு பதில் சொன்னார்கள். உங்கள் வீட்டுக்கு எந்தப் பதில் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும்.

கொஞ்சம் பின்னணி. 1924-ல் கோபன்ஹேகன் கலை அகாதெமியில் மரச்சாமான் வடிவமைப்புக்கென்று தனித் துறை தொடங்கியது. அதைக் கட்டி எழுப்பிய கோரெ கிளின்ட், ஆள் உட்காரும்போது உடம்பின் அளவு என்ன, அலமாரியில் எத்தனை சட்டை அடுக்க வேண்டும் என்று அளந்து அளந்து வேலை செய்தவர். 1927 முதல் 1966 வரை ஆண்டுதோறும் தச்சர் சங்கம் ஒரு கண்காட்சி நடத்தியது. வரைகிறவரும் செய்கிறவரும் ஜோடி சேர்ந்து புதிய சாமான்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். நாம் இன்று டேனிஷ் மாடர்ன் என்று சொல்வதில் பெரும்பகுதி அந்தக் கூட்டணியில் பிறந்ததுதான். வெக்னரும் மோகென்சனும் தச்சுப் பட்டறையில் கை பழகி வந்தவர்கள், நெருங்கிய நண்பர்கள். யாகப்சனும் யூலும் கட்டடக் கலைஞர்கள். இந்த வித்தியாசம் நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தாலே தெரிந்துவிடும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

உட்காரும் விதம். எவ்வளவு நேரம், எந்த வேலைக்கு? நம்மில் நிறையப் பேர் நாற்காலியிலும் சம்மணம் போட்டு உட்காருகிறவர்கள். எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்ல மாட்டார். ஆனால் எனக்கு இதுதான் முதல் கேள்வி. உயரமும் முக்கியம். இந்த நாற்காலிகளில் பெரும்பாலானவற்றில் இருக்கை 45 சென்டிமீட்டர் வாக்கில் இருக்கும். ஐந்தடிக்குச் சற்று மேலே இருக்கும் அம்மாவுக்குக் குதிகால் தரையில் படாது.

பழுது. உடைந்தால், தொய்ந்தால் யார் சரி செய்வார்கள்? உங்கள் ஊரில் அந்தக் கை இருக்கிறதா?

ஈரமும் குழம்பும். கடற்கரை ஈரம், எண்ணெய், மஞ்சள். இதையெல்லாம் டென்மார்க்கில் யாரும் நினைத்துச் செய்யவில்லை.

மொத்தச் செலவு. விலைச் சீட்டில் இருப்பது மட்டும் செலவல்ல. கப்பல் கூலி, மறுபடி பின்னும் கூலி, தோல் மாற்றும் செலவு, அப்புறம் போலி வாங்கி ஏமாறும் ஆபத்து.

## மோகென்சன்: எல்லோருக்குமான நாற்காலி

1942-ல் டென்மார்க்கின் நுகர்வோர் கூட்டுறவு அமைப்பான எஃப்டிபி, தன் மரச்சாமான் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவராக மோகென்சனை வைத்தது. அப்போது அவருக்கு 28 வயது. வேலை எளிமையாகச் சொல்லப்பட்டது: சம்பளக்காரர் வீட்டுக்குள் நுழையும் விலையில் நல்ல சாமான். 1947-ல் வந்த ஜே 39 அதன் உச்சம். டேனிஷ்காரர்கள் அதை மக்கள் நாற்காலி என்றே அழைக்கிறார்கள். இன்று அதைத் தயாரிப்பது ஃபிரெடெரிசியா என்ற நிறுவனம்.

பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். உருண்டைக் கால் நான்கு, குறுக்குக் கட்டைகள், முதுகுக்கு லேசாக வளைந்த அகலமான ஒரு பலகை, பின்னிய இருக்கை. அமெரிக்காவின் ஷேக்கர் சமயத்தார் செய்த எளிய நாற்காலிகளிலிருந்து மோகென்சன் எடுத்துக்கொண்ட பாடம் இது. கைப்பிடி கிடையாது. அதனாலேயே சம்மணத்துக்கு இதைவிடத் தோதான டேனிஷ் நாற்காலி எனக்குத் தெரியாது. முழங்கால் இரண்டு பக்கமும் தாராளமாக வெளியே வரும்.

இருக்கை காகிதக் கயிறு. காகிதமா என்று பயப்பட வேண்டாம். காகிதத்தை முறுக்கி மூன்று புரியாகத் திரித்தது. போர்க்காலத்தில் கடற்புல் கயிறு கிடைக்காமல் போனபோது மாற்றாக வந்து, அப்படியே நிலைத்துவிட்டது. இங்கே ஒரு பட்டறையில் வார இறுதி வகுப்பில் நான் ஒரு இருக்கை பின்னிப் பார்த்தேன். கயிறு சட்டத்தின் மேலே போய்ச் சுற்றி, அடியில் வந்து, அடுத்த மூலைக்குப் போகும். நான்கு மூலையிலிருந்தும் முக்கோணம் முக்கோணமாக வளர்ந்து நடுவில் ஒரு கோட்டில் சந்திக்கும். ஊரில் தாத்தா கயிற்றுக் கட்டில் இறுக்கும்போது காலை முட்டுக் கொடுத்து இழுப்பாரே, அதே இழுப்பு. ஒரு சுற்றில் இறுக்கம் விட்டால் அந்தச் சுற்று மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நிற்கும். பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆறு மணி நேரத்தில் என் உள்ளங்கை சிவந்துவிட்டது. அன்றுதான் புரிந்தது, இந்த இருக்கை போனால் நாற்காலி போவதில்லை என்று. எலும்பு அப்படியே இருக்கும், தோலை மட்டும் மாற்றலாம்.

மறைந்திருக்கும் செலவு அங்கேதான். ஐரோப்பியக் கூலியில் ஒரு இருக்கையை மறுபடி பின்னுவது, பழைய ஜே 39 ஒன்றின் விலையை நெருங்கிவிடும். தமிழ்நாட்டில் கதை வேறு. பிரம்பு பின்னுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கயிறு வாங்கிக் கொடுத்து, பழைய பின்னலைப் பிரிக்காமல் காட்டினால் பிடித்துக்கொள்வார்கள்.

சாம்பார் சிந்தினால்? கறை போகாது. உடனே ஈரத் துணியால் ஒற்றி எடுத்தாலும் மஞ்சள் நிற்கும். என் வீட்டு நாற்காலி ஒன்றில் நான்கு வருடமாக நிற்கிறது. சிறு குழந்தை இருக்கும் வீட்டில் இருக்கை மேல் மெல்லிய திண்டு போட்டுக்கொள்ளலாம். இன்னொரு குறை, முதுகுப் பலகை முதுகின் ஒரு பட்டையை மட்டும் தாங்கும். சாப்பிட்டு, அரட்டை அடித்து எழுந்திருக்கச் சரி. நாள் முழுக்க லேப்டாப்போடு உட்கார இது வேண்டாம்.

## வெக்னர்: கை தடவிப் பார்க்கும் நாற்காலி

வெக்னர் வாழ்நாளில் 500-க்கும் மேல் நாற்காலி வரைந்தவர். பெரும்பாலோர் கேட்பது ஒன்றைத்தான்: சிஎச் 24. முதுகில் ஒய் எழுத்துப் போல ஒரு கவை இருக்கும், விஷ்போன் நாற்காலி என்றும் சொல்வார்கள். 1949-ல் வரைந்தது, கார்ல் ஹான்சன் அண்ட் சன் 1950 முதல் இடைவிடாமல் செய்துகொண்டிருக்கிறது. சீனத்தின் மிங் காலத்து நாற்காலிகளில் டேனிஷ் வணிகர்கள் உட்கார்ந்திருக்கும் ஓவியங்களைப் பார்த்து எழுந்த வரிசையில் இதுவும் ஒன்று. நூற்றுக்கு மேற்பட்ட வேலைப் படிகள். இருக்கைக்கு மட்டும் சுமார் 120 மீட்டர் காகிதக் கயிறு.

பின்னங்காலைக் கவனியுங்கள். முன்னாலும் பக்கவாட்டிலும் வளைந்து மேலேறுவது போலத் தெரியும். ஆவியில் வளைத்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இல்லை, நேரான பலகையிலிருந்து அறுத்து எடுத்தது. கண்ணுக்கு வளைவு, தச்சருக்கு நேர் வேலை. மேலே தலையும் கையுமாகச் சுற்றி வரும் அந்த அரைவட்டம்தான் நிஜமாகவே ஆவியில் வளைத்தது.

வெக்னரின் இன்னொரு நாற்காலியையும் சொல்லியாக வேண்டும். அதுவும் 1949. வட்ட நாற்காலி என்று பெயர். அமெரிக்காவில் வெறுமனே 'நாற்காலி' என்றே சொன்னார்கள். 1960-ல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் விவாதித்தபோது உட்கார்ந்தது இதில்தான். அதன் முதுகும் கையும் சேர்ந்த வளையத்தை ஒரே மரத்தில் எடுக்க முடியாது. இணைப்புகளைக் காட்டப் பிடிக்காமல் முதலில் வெக்னர் முதுகைச் சுற்றிப் பிரம்பு பின்னி மறைத்தார். அடுத்த ஆண்டு மனம் மாறி, மறைப்பை எடுத்துவிட்டு, பல் பல்லாகக் கோத்த இணைப்பை அப்படியே வெளியில் காட்டினார். அந்த இடத்தில் விரலை ஓட்டினால் எங்கே ஒரு மரம் முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கைக்குத் தெரியாது. கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். நான்கு பேரில் என் மனசு வெக்னர் பக்கம் சாய்வதற்குக் காரணம் இந்த இணைப்புதான், ஒளிக்கவில்லை.

ஆனால் வாங்கச் சொல்வேனா என்பது வேறு கேள்வி. சிஎச் 24-ன் கைப்பிடி சுமார் 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேசைக்கு அடியில் சட்டம் இருந்தால் நாற்காலி உள்ளே போகாது. எப்போதும் வெளியே துருத்தி நிற்கும். சின்ன சாப்பாட்டு அறையில் ஆறு நாற்காலி இப்படி நின்றால் நடக்க வழியிருக்காது. கைப்பிடி பாதியில் நின்றுவிடுவதால் ஒரு காலை மடித்து உட்காரலாம். முழுச் சம்மணம் சிரமம். விலையும் ஜே 39-ஐ விட அதிகம். காகிதக் கயிற்றைப் பற்றி மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும்.

இன்னொன்று: இது உலகில் மிக அதிகமாக நகலெடுக்கப்படும் நாற்காலிகளில் ஒன்று. நகலில் முதலில் ஆடுவது பின்னங்காலும் மேல்வளையமும் சேரும் இடம். அசலில் அங்கே கழுந்து, அதாவது துளைக்குள் இறங்கும் மர முளை, ஒழுங்காக இறங்கியிருக்கும்.

## யாகப்சன்: தொழிற்சாலைக்கு வரைந்த நாற்காலி

யாகப்சன் இணைப்பே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்த்தார். 1952-ல் நோவோ மருந்துக் கம்பெனியின் கேன்டீனுக்காக எறும்பு நாற்காலி. முதுகும் இருக்கையும் ஒரே வளைந்த பிளைவுட், மெலிந்த மூன்று கால். 1955-ல் அதை அகலமாக்கி நான்கு காலோடு வந்தது 3107, அதாவது செவன் வரிசை. இரண்டையும் செய்வது ஃபிரிட்ஸ் ஹான்சன். மெல்லிய மரத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அச்சில் அழுத்தி எடுக்கிறார்கள்.

சாய்ந்தால் முதுகு லேசாகப் பின்னால் வளைந்து கொடுக்கும். அந்த நெகிழ்ச்சிதான் இதன் சுகம். அடுக்கி வைக்கலாம், ஒரு கையில் தூக்கலாம், குழம்பு சிந்தினால் துடைத்தால் போயிற்று. டொரன்டோ நண்பனுக்கு இதைத்தான் சொன்னேன். நாலு நாற்காலியை அலமாரி ஓரத்தில் அடுக்கி வைத்துவிடலாம், ஆள் வரும்போது பிரித்துப் போடலாம்.

குறை பழுதில் இருக்கிறது. பிளைவுட் ஓடு விரிசல் விட்டால், விளிம்பில் தகடு பெயர்ந்தால், பின்னித் திருத்த எதுவும் இல்லை. கால் இணையும் அடிப்பகுதியும் ரப்பர் துண்டுகளும் மாற்றக்கூடியவை. ஓடு மாற்றக்கூடியது அல்ல. பழையது வாங்கும்போது கவிழ்த்து, முதுகும் இருக்கையும் சந்திக்கும் ஒடுங்கிய இடையில் விளக்கடித்துப் பாருங்கள். முடியளவு கோடு இருந்தாலும் விட்டுவிடுங்கள். எடை முழுக்க விழுவது அங்கேதான். பழசும் புதுசும் கலந்து வாங்கினால் இருக்கை உயரமும் ஒத்துப்போகிறதா என்று அளக்க வேண்டும். மூன்று கால் எறும்பு நாற்காலியை வயதானவர் இருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு பக்கம் சாய்ந்து கீழே எதையாவது எடுக்கப் போனால் கவிழும்.

போலிக்கு ஒரு பிரபலமான உதாரணம். பிரிட்டிஷ் அரசியல் விவகாரம் ஒன்றில் பெயர் அடிபட்ட கிறிஸ்டின் கீலரை 1963-ல் லூயிஸ் மோர்லி எடுத்த புகைப்படம் செவன் நாற்காலிக்கே உலகப் புகழ் தந்ததாகச் சொல்வார்கள். அந்தப் படத்தில் இருப்பது நகல். முதுகில் கைவிட்டுத் தூக்க ஒரு துளை வெட்டியிருப்பார்கள். யாகப்சனின் நாற்காலியில் அது கிடையாது.

## யூல்: ஒரே ஒரு நாற்காலி

யூலை மற்ற மூவரோடு ஒரே தட்டில் வைப்பதே சரியில்லை. சாப்பாட்டு மேசைக்கு ஆறு நாற்காலி என்ற கேள்விக்கு அவரிடம் பதில் தேடவே வேண்டாம். அவர் பார்த்தது சிற்பத்தை. தாங்குவது வேறு, தாங்கப்படுவது வேறு என்று பிரித்தார். 1945-ல் வந்த 45 நாற்காலியில் மெத்தை மரச் சட்டத்தைத் தொட்டும் தொடாமலும் மிதப்பது போல இருக்கும். 1949-ல் தலைவர் நாற்காலி. அந்த ஆண்டுக் கண்காட்சியில் மன்னர் ஒன்பதாம் ஃபிரெடெரிக் அதில் உட்கார்ந்தார். இவற்றையெல்லாம் முதலில் செய்து கொடுத்தவர் நீல்ஸ் வோடர் என்ற தச்சர். அவர் கை இல்லாவிட்டால் அந்த மெலிந்த இணைப்புகள் காகிதத்தோடு நின்றிருக்கும்.

தலைவர் நாற்காலி சுமார் ஒரு மீட்டர் அகலம். இன்று ஹவுஸ் ஆஃப் ஃபின் யூல் செய்து விற்கிறது; விலை நம்மூரில் ஒரு கார் விலை. தோல், அதற்குள் இருக்கும் திணிப்பு, இரண்டையும் என்றாவது மாற்ற வேண்டும், அதற்கு நல்ல கைக்காரர் வேண்டும். கடற்கரை ஈரத்தில் தோலில் பூஞ்சை பிடிக்கும். நகல் வாங்குவதாக இருந்தால் யூலை விட்டுவிடுங்கள். மோகென்சனின் நகல்கூட ஓரளவு நாற்காலியாக இருக்கும். யூலின் நகலில் மெலிய வேண்டிய இடம் தடித்திருக்கும், இல்லையென்றால் சீக்கிரம் ஒடியும்.

கோபன்ஹேகன் பக்கம் வருகிறவர்கள் ஓட்ரூப்பில் அவர் தனக்காகக் கட்டிய வீட்டைப் போய்ப் பாருங்கள். 1942-ல் கட்டியது, பக்கத்திலேயே ஓட்ரூப்கோர்ட் அருங்காட்சியகம். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த நாற்காலி எங்கே நிற்கிறது, எவ்வளவு இடத்தைச் சுற்றிலும் கேட்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால், வாங்குவதா வேண்டாமா என்பது தானே தெரிந்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | மோகென்சன் ஜே 39 | வெக்னர் சிஎச் 24 | யாகப்சன் 3107 | யூல் 45 |
|---|---|---|---|---|
| எதற்கு | தினசரிச் சாப்பாடு | சாப்பாடு, நீண்ட அரட்டை | நெருக்கடியான வீடு | படிப்பு, ஓய்வு |
| சம்மணம் | தாராளம் | ஒரு கால் மட்டும் | முடியும், வழுக்கும் | வேண்டாம் |
| கறை | நிற்கும் | நிற்கும் | துடைக்கலாம் | துணி, தோலைப் பொறுத்து |
| பழுது | மறுபின்னல் | மறுபின்னல் | ஓடு போனால் போனதுதான் | கைதேர்ந்தவர் வேண்டும் |
| விலை | சிஎச் 24-ஐ விடக் குறைவு | ஜே 39-ஐ விடக் கூடுதல் | நடுத்தரம் | மிக அதிகம் |

## பழையதா, புதியதா

பழசு மலிவாகத் தெரியும். கவிழ்த்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அடியில் தயாரிப்பாளர் முத்திரை, டேனிஷ் தயாரிப்பாளர் சங்கத்தின் தர வில்லை ஏதாவது இருக்கிறதா? பீச் மரமாக இருந்தால் குண்டூசித் தலை அளவில் துளையும் அதன் கீழே மாவு போன்ற தூளும் இருக்கிறதா? இருந்தால் உளுத்துக்கொண்டிருக்கிறது, வீட்டிலுள்ள மற்ற மரத்துக்கும் போகும்.

பிரேசில் ரோஸ்வுட்டில் செய்த பழைய நாற்காலிகள் மயக்கும் அழகு. 1992 முதல் அந்த மரம், அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. நாட்டு எல்லையைத் தாண்டி அனுப்ப அனுமதிச் சீட்டு வேண்டும். நான் ஊருக்கு அனுப்ப ஒரு ஜோடி வாங்கினேன். விற்றவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை, கேட்க எனக்கும் அப்போது தெரியவில்லை. அவை இன்னும் இங்கேயே என் அறையில்தான் இருக்கின்றன. தேக்கு, ஓக், பீச் என்றால் இந்தச் சிக்கல் இல்லை.

புதிதாக வாங்கினால் மரத்தின் மேல்பூச்சைக் கேட்டு வாங்குங்கள். இங்கே ஓக், பீச்சுக்கு வெறும் சோப்புத் தண்ணீர் பூசும் வழக்கம் உண்டு. வெள்ளை வெளேரென்று அழகாக இருக்கும், அடிக்கடி மறுபடி பூச வேண்டும், எண்ணெய்க் கை பட்டால் போச்சு. நம் சமையலுக்கு லாக்கர் பூசியதே தோது.

பிரிட்டனில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த வடிவங்களின் நகல்களை முன்பு அங்கே தாராளமாக விற்றார்கள். 2016-ல் சட்டம் மாறி, வடிவமைப்பாளர் இறந்து 70 ஆண்டுவரை காப்புரிமை உண்டு என்றாகிவிட்டது. வெக்னர் இறந்தது 2007-ல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

## மூவருக்கும் சொன்னது

டொரன்டோவுக்கு 3107, ஆறு. அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

அக்காவுக்கு யூலின் 45-தான் மனசில் இருந்தது. அவர் காலை மடக்காமல் பத்துப் பக்கம் படிக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும். அந்த விலைக்குக் கால் கீழே தொங்கவிட்டு உட்காரும் நாற்காலி எதற்கு? கடையில் போய் அரை மணி நேரம், கையில் புத்தகத்தோடு, உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இதே பணத்தில் வெக்னரின் வட்ட நாற்காலி வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். ஆனால் அதிலும் காலை மடக்க இடம் குறைவு. இந்த விஷயத்தில் எனக்கே இன்னும் தெளிவில்லை.

சென்னைத் தம்பதி வெக்னர்தான் வேண்டும் என்று நிற்கிறார்கள். மேசையின் அடிச் சட்டம் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து அனுப்பச் சொன்னேன். நேற்று ராத்திரி வந்தது: 66. மேசையை மாற்றப் போவதில்லை என்றால் ஜே 39 ஆறு, லாக்கர் பூசிய ஓக்கில். கயிறு ஒரு கட்டு சேர்த்தே வாங்கி அலமாரியில் ஈரம் படாமல் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.